எட்டுக் குழாயும் ஓர் ‘இல்லை’யும்

அக்கா, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. பாப்பாவுக்குக் காத்து வேணும். நான் இந்தப் பக்கம் ஒட்டிக்கிறேன். நீங்க அருப்புக்கோட்டையா? நானும்தான். அங்க இறங்கி வெள்ளூரணிக்கு டவுன் பஸ் பிடிக்கணும். போய்ச் சேரப் பொழுது சாஞ்சிரும். பேசிக்கிட்டே போகலாம்.

என்னது, மெதுவாவா? மெதுவாத்தானேக்கா பேசுறேன். பாப்பா தூங்குதா? தூங்கட்டும், தூங்கட்டும். என் பேச்சுக்கெல்லாம் குழந்தைங்க எந்திரிக்காது.

எந்திரிச்சிருச்சு. பஸ்ஸு குலுங்கிருச்சு போல.

நேத்து நான் சட்டசபைக்குப் போனேன்க்கா. வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வரல, உள்ளயே போனேன். மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்து பாத்தேன். அப்புறம் என்னைய வெளிய இழுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தா, கையில நகக்கீறல் பாருங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. அதனாலதான் பள்ளிக்கூடம் ஒத்து வரல. கணக்கு மிஸ் ‘புரிஞ்சுதா?’ன்னு கேப்பாங்க, வகுப்பே ‘புரிஞ்சுது மிஸ்’னு பாடும். நான் மட்டும் ‘இல்ல மிஸ்’. வருசம் பூரா நான் மட்டும் ‘இல்ல’. அவங்களுக்கும் சலிச்சுப் போச்சு, எனக்கும் சலிச்சுப் போச்சு. பத்தாவதோட வந்துட்டேன்.

இப்ப மாமா கடையில இருக்கேன். காளீஸ்வரி சவுண்ட் சர்வீஸ். காளீஸ்வரி நான்தான், நான் பிறந்த வருசம் ஆரம்பிச்ச கடை. எங்ககிட்ட எட்டுக் குழாய் இருக்கு. குழாய்னா புனல் மாதிரி இருக்குமே, கோயில் கொடைக்குப் பனைமரத்துல கட்டுவாங்களே, அந்தக் கூம்பு ஸ்பீக்கர். பெட்டி ஸ்பீக்கர் எல்லாம் எங்ககிட்டக் கிடையாது. பெட்டில என்ன இருக்கு? கல்யாண மண்டபத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். குழாய்ல ஒரு பாட்டுப் போட்டா மூணு ஊருக்குக் கேக்கும். ஒரு ஊருக்குத்தான் வாடகை, ரெண்டு ஊருக்குச் சும்மா. இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?

மாமாவுக்கு மட்டும் இடது காது கேக்காது. அதுக்கும் குழாய்க்கும் சம்பந்தம் இல்ல. குழாயை அவர் எப்பவும் இடது பக்கமா வச்சுத்தான் சோதிச்சுப் பாப்பாரு, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போதுதான் சட்டம் வருதுன்னாங்க. குழாயைக் கட்டவே கூடாதாம், கட்டினா எடுத்துட்டுப் போய் நசுக்கிருவாங்களாம். இப்பவும் போலீஸ் வந்து கழட்டச் சொல்வாங்க, அது வேற. அவங்க வீட்டுக் காதுகுத்துக்கு நாங்க கட்டிக் கொடுத்தா சரியாப் போயிரும். சட்டம்னா அப்படி இல்லையாம். குழாய் போச்சுன்னா கடை போச்சு. கடை போச்சுன்னா எங்கம்மா என்னைய நூல் மில்லுக்கு அனுப்பிரும். அம்மா வாயைத் திறந்தே சொல்லிருச்சு. மில்லு பத்தித் தெரியுமாக்கா? மிஷின் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவகிட்டக்கூடப் பேச முடியாதாம். ஷிப்ட் முழுக்க வாயை மூடிக்கிட்டு நிக்கணுமாம். நான் செத்துருவேன்.

அதுக்காகத்தான் எங்க எம்.எல்.ஏ.வைப் பிடிச்சோம். குருவலிங்கம் அண்ணாச்சி. எதிர்க்கட்சிதான், ஆனாலும் எங்க ஆளு. அவர் ஜெயிச்ச அன்னைக்கு எங்க குழாய்லதான் நன்றி சொன்னாரு. மாமா போய் நின்னதும், “கவலைப்படாத தங்கப்பாண்டி, நான் பேசுறேன். பேசிட்டு, ஓட்டுக்கு விடும்போது ‘இல்லை’ன்னு ஒரு குரல் கொடுப்பேன், அது வெள்ளூரணிக்குக் கேக்கும்”னாரு. மாமா அந்தக் கேக்காத காதுல வாங்கினாரு போல, “என்ன சொன்னாரு?”ன்னு என்னையக் கேட்டாரு. நான் சொன்னேன்: “மாமா, இந்தாளு பேசுவாரு, ஆனா ‘இல்லை’ சொல்வாரான்னு நான் நேர்ல போய்ப் பாக்குறேன்.” அண்ணாச்சிகிட்டயே பாஸ் வாங்கி, எங்க பெரியம்மா வீட்டுல தங்கி, நேத்துக் காலையில அவர் தங்கியிருந்த விடுதிக்கே போயிட்டேன்.

பொங்கல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

“அண்ணாச்சி, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க.”

“என்னத்தம்மா?”

“அந்த ‘இல்லை’யை.”

சொன்னாரு. ஐயோ அக்கா, கொசு இருமின மாதிரி இருந்துச்சு.

“வயித்துல இருந்து வரணும் அண்ணாச்சி.”

“வயித்துல பொங்கல் இருக்கும்மா.”

“அப்ப பொங்கலுக்கு மேல இருந்து சொல்லுங்க.”

மறுபடி சொன்னாரு. பரவால்ல. மூணாவது தடவ சொன்னப்ப, பக்கத்து ரூம்ல இருந்து ஒருத்தர் எட்டிப் பாத்து, “சாம்பார் இல்லையா?”ன்னாரு. சரி, இது போதும்னு கிளம்பிட்டோம்.

சட்டசபை உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. மாடத்துல எங்களைப் பள்ளிக்கூடம் மாதிரி வரிசையா உக்கார வச்சாங்க. கால் மேல கால் போடக் கூடாது. கை தட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. முன்னாடி குனியக் கூடாது. தூங்கலாம்னு நினைக்கிறேன், எனக்கு முன்னாடி இருந்த பெரியவரை யாரும் ஒண்ணும் சொல்லல. எங்க வரிசைக்கு ஒரு காவலர் அம்மா, உருட்டுக்கண்ணு. நான் உள்ள வந்ததுல இருந்து என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க போல.

சபாநாயகர் வந்தாரு, ஒரு குறள் வாசிச்சாரு, விளக்கமும் சொன்னாரு. அப்புறம் கேள்வி நேரம். ஒருத்தர் எந்திரிச்சு எங்க ஊருக்குப் பாலம் வருமான்னு கேக்குறாரு. வரும், வராதுன்னு ஒரு வார்த்தைல முடிய வேண்டியது. மந்திரி என்னடான்னா, “மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் நல்லதொரு கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்”னு ஆரம்பிச்சு, அவங்க தலைவரைப் புகழ்ந்து, பழைய ஆட்சியைத் திட்டி, கடைசில “பரிசீலனையில் உள்ளது”னு உக்காந்துட்டாரு. எல்லாரும் மேஜையைத் தட்டுறாங்க. கேட்டவரும் தட்டுறாரு! எனக்கா, மேல இருந்து கத்தணும் போல இருந்துச்சு, ‘யோவ், பாலம் வருமா வராதா?’ன்னு. கத்தல. அப்பக் கத்தல.

நான் அப்படி இழுக்கவே மாட்டேன்க்கா. விஷயத்தை நேரா சொல்லிருவேன். எங்க விட்டேன்? ஆங், மந்திரி. இது வேற மந்திரி. நம்ம சட்டத்தைக் கொண்டு வந்தவரு. ஒலிபெருக்கி ஒழுங்குமுறைச் சட்டமுன்வடிவுன்னு வாசிச்சாரு. ஒரு ஊர்ல ஒரு மாணவி வீட்டுக்குப் பக்கத்துலயே குழாய் கட்டினதால, அவ பரீட்சைக்குப் படிக்க முடியாம, கணக்குல தோத்துட்டாளாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் எட்டுக் குழாய்க்கு நடுவுல படிச்சவ. எனக்கு என்ன ஆச்சு? கணக்கு மட்டும்தான் போச்சு.

இதெல்லாம் ஜோடிச்சுப் பேசுறது. எங்க பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கேட்டா சொல்வாரு. கேக்க முடியாது, காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. அவருக்கு முன்னாடி இருந்த நர்ஸம்மாவும் போயிட்டாங்க. அந்த வீட்டு ராசி அப்படி.

சரி, குருவலிங்கம் அண்ணாச்சி முறை வந்துச்சு. எந்திரிச்சு மைக்கைத் தட்டினாரு. மைக்கைத் தட்டுறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஆனா நம்ம ஆளாச்சே.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எனக்கு வாழ்வளித்து, வளமளித்து, முகவரி இல்லாத என்னை இந்த மாமன்றத்திற்கு அனுப்பி வைத்த...”ன்னு அவங்க தலைவரைப் பிடிச்சாரு. தலைவர் பிறந்தது, வளந்தது, சிறைக்குப் போனது, திரும்பி வந்தது. அப்புறம் மாவட்டச் செயலாளர். அப்புறம் வாக்காளப் பெருமக்கள். “இப்போது எனது தொகுதியிலே...” டிங்! சபாநாயகர் மணி அடிச்சிட்டாரு.

“உறுப்பினர் முடித்துக்கொள்ள வேண்டும்.”

“ஒரே ஒரு நிமிடம், தலைவர் அவர்களே.”

“ஒரு நிமிடம் தருகிறேன்.”

“ஒரு நிமிடம் வழங்கிய பேரவைத் தலைவர் அவர்களுக்கு, என் சார்பிலும், எனது தொகுதி மக்களின் சார்பிலும், என்னை இந்த மாமன்றத்திற்கு அனுப்பி வைத்த...”

டிங்.

அவ்வளவுதான்க்கா. குழாய்ங்கிற சொல்லே அவர் வாயில வரல.

மந்திரி எந்திரிச்சு, “உறுப்பினர் பேசியதில் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை”ன்னாரு. நியாயம்தானே? எனக்கே அப்படித்தான் தோணுச்சு. ஆனா எதிர்க்கட்சிக்காரங்க எல்லாரும் குதிச்சு எந்திரிச்சுட்டாங்க. “உறுப்பினர் எங்கள் தலைவரைப் பற்றித்தானே பேசினார், அப்படியென்றால் எங்கள் தலைவர் ஒன்றுமே இல்லையா?” அந்த வார்த்தையை அவைக் குறிப்புல இருந்து நீக்கணுங்கிறாங்க. இவங்க முடியாதுங்கிறாங்க. ஒரே கூச்சல். ஒருத்தர் பேப்பரைக் கிழிக்கப் பாத்தாரு, பேப்பர் கெட்டியா இருந்துச்சு போல, மடிச்சு வச்சுட்டாரு. கடைசில, “கண்டித்து வெளிநடப்புச் செய்கிறோம்!”

வெளிநடப்பு! ஓட்டெடுப்புக்கு முன்னாடி! வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு முதல் ஆளாப் போறது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க அண்ணாச்சி. நான் மேல இருந்து ரெண்டு கையையும் ஆட்டுறேன், ‘உக்காருங்க, உக்காருங்க’ன்னு. என்னைய நிமிந்து பாத்தாரு. பாத்து, சிரிச்சு, கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

எதிர்ப் பக்கம் பூரா காலி நாற்காலி. சபாநாயகர் ஒரு செருமல் செருமிட்டு வாசிக்க ஆரம்பிச்சாரு. எவ்வளவு வேகம்ங்கிறீங்க! காலையில இருந்து ஆமை மாதிரி நகந்த சபை, இப்ப எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுது. “சட்டமுன்வடிவு நிறைவேற்றப்படவேண்டும் என்பது தீர்மானம். ஏற்போர் ‘ஆம்’ என்க.” எல்லாரும் “ஆம்!” பெரிய சத்தம் ஒண்ணும் இல்ல, சாப்பாட்டு நேரம் வேற. “மறுப்போர் ‘இல்லை’ என்க.”

அந்த இடத்துல ஒரு இடைவெளி விட்டாரு. ஒரு கொட்டாவிக்குக்கூடக் காணாது. ஒரு நாள் பூராவுல நமக்குன்னு இருந்த இடம் அது மட்டும்தான். அதுல ஒரு பயலும் இல்ல. காலையில பொங்கலுக்கு மேல இருந்து சொல்லிப் பழகின ஆளு வெளிய நிக்கிறாரு. எட்டுக் குழாயும் என் கண்ணு முன்னாடி நசுங்குது. மில்லுல நான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன்.

“இல்லை!”ன்னேன்.

வயித்துல இருந்து வந்துச்சு. நான் நெனச்சதை விடக் கொஞ்சம் கூடவே வந்துச்சு. முன்வரிசைப் பெரியவர் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு நின்னுட்டாரு.

அடுத்த நொடி ஒரு கை என் வாய்மேல. காவலர் அம்மா! அந்த உருட்டுக்கண்ணு! என்னைய அப்படியே பின்கதவு வழியா அள்ளிட்டுப் போயிட்டாங்க. கீழ ஒரு சின்ன ரூம்ல தள்ளி, கதவைச் சாத்தி, “ஏம்மா, உனுக்கு இன்னா பைத்தியமா? உன்ன மேல ரிப்போர்ட் பண்ணா எனுக்குத்தான் மெமோ. வாயத் தொறந்த, அவ்ளோதான். நீ இன்னைக்கு இங்க வரவே இல்ல, புரியுதா?”ன்னாங்க.

“இல்ல”ன்னேன்.

தலையில அடிச்சுக்கிட்டாங்க. அவங்க தலையில இல்ல, என் தலையில.

அந்த ரூம்ல ஒரு பெட்டி ஸ்பீக்கர். சபையில நடக்குறது அதுல கேக்கும். பெட்டின்னதும் எனக்கு இளக்காரம்தான், ஆனா நேத்து அதுகிட்டக் காதை வச்சுக்கிட்டு நின்னேன். சபாநாயகர் குரல் நடுங்குது: “பெண் உறுப்பினர் ஒருவர் ‘இல்லை’ என்றதாகக் கேட்டது...”

பாருங்கக்கா கூத்தை! மாடத்துக்கு நேர் கீழ ஆளுங்கட்சிப் பொம்பளை உறுப்பினர்கள் வரிசை. மேல இருந்து விழுந்த சத்தம் அவங்க தலையில விழுந்திருக்கு. செல்லக்கிளின்னு ஒரு அம்மா எந்திரிச்சாங்க. “தலைவர் அவர்களே, நான் கனவிலும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. எனக்கு வாழ்வளித்து, வளமளித்து...” அவங்க தலைவரைப் புகழுறாங்க, புகழுறாங்க, டிங் அடிச்சும் புகழுறாங்க. அடுத்த அம்மா விடுவாங்களா? தான் புகழலேன்னா தன் மேல சந்தேகம் வந்துருமே! அவங்க அதை விட நீளமா. அதுக்கு அடுத்த அம்மா அழுதே போட்டாங்க. அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல், கீச்சுன்னு: “பேரவைத் தலைவர் அவர்களே, என்னுடைய குரல் இயற்கையிலேயே சற்று மெல்லிய குரல் என்பதால், யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது...”

காவலர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. என் வாயைப் பொத்தின அதே கையால அவங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. “உன்னாலதான்டி”ன்னு தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. நல்லவங்கதான்.

இதுக்குள்ள வெளிய பத்திரிகைக்காரங்களுக்கு முன்னாடி நின்ன எதிர்க்கட்சிக்காரங்களுக்குச் செய்தி போயிருச்சு. ஆளுங்கட்சியிலயே ஒருத்தர் எதிர்த்துட்டாங்கன்னு. அப்படியே திரும்பி உள்ள ஓடி வந்துட்டாங்க. “துணிச்சலாக எதிர்த்த சகோதரி யார்? அவருக்குப் பாதுகாப்பு வேண்டும்!” சகோதரிங்க எல்லாரும், “நான் இல்லை, நான் இல்லை”ங்கிறாங்க. அத்தனை ‘இல்லை’யைக் கேட்டுட்டுச் சபாநாயகர் என்ன பண்ணுவாரு பாவம். பெட்டி ஸ்பீக்கர் கொரகொரன்னு இரைஞ்சு, தெறிச்சு, நின்னே போச்சு. தட்டினேன். மறுபடி பாடுச்சு. மந்திரி பேசிக்கிட்டு இருந்தாரு: உறுப்பினர்கள் மத்தியில மாறுபட்ட கருத்து இருக்கிற மாதிரி ஒரு தோற்றம் வந்துட்டதால, சட்டமுன்வடிவைத் தேர்வுக் குழு ஆய்வுக்கு அனுப்பலாமாம்.

அனுப்பிட்டாங்கக்கா! தள்ளி வச்சுட்டாங்க! ஆய்வுன்னா லேசுல வராதாம், காவலர் அம்மா சொன்னாங்க. அவங்க பொண்ணுக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடி போன மசோதா ஒண்ணு இன்னும் ஆய்வுல இருக்காம், பொண்ணு இப்ப காலேஜ் போகுது.

ஆனா இன்னொண்ணும் கேட்டுச்சு. அந்த ‘இல்லை’யை அவைக் குறிப்புல இருந்து நீக்க உத்தரவு போட்டாரு சபாநாயகர். காவலர் அம்மா, “நல்லதாப் போச்சு, உன் பேச்சே அதுல இருக்காது”ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நீக்கணும்னா முதல்ல ஏத்தியிருக்கணும்ல? அப்ப கொஞ்ச நேரமாவது என் பேச்சு அதுல இருந்திருக்கு. பத்தாவதுல தோத்தவ பேச்சு, சட்டசபை ஏட்டுல. என் கணக்கு மிஸ்கிட்ட யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

வெளிய வந்து அண்ணாச்சியைப் பிடிச்சேன். முகமெல்லாம் பல்லு. “பாத்தியாம்மா! நாங்க வெளிநடப்புச் செஞ்சோம், ஆளுங்கட்சியே ஆடிப் போச்சு!”

“அண்ணாச்சி, அந்த ‘இல்லை’ நான்.”

“எது?”

“மேல இருந்து நான்தான் கத்தினேன்.”

“அதெப்படிம்மா? மாடத்துல யாரும் பேசக் கூடாது, விதி இருக்குல்ல.” அவ்வளவுதான் அவருக்கு. விதி இருந்தா நடந்திருக்காது. என் தோள்ல தட்டிட்டு அடுத்த மைக்கைத் தட்டப் போயிட்டாரு.

இருங்கக்கா, போன் அடிக்குது. மாமா. கொஞ்சம் காதைப் பொத்திக்கோங்க, அவருக்குச் சத்தமாப் பேசணும்.

ஹலோ மாமா! ஆமா! பஸ்ல! பஸ்ல வர்றேன்! ... என்னது? யாருக்கு? ... பாராட்டு விழாவா! ... எட்டுமா? எட்டுக் குழாயுமா! ... போஸ்டர்ல என்ன போட்டிருக்கு? ... சரி மாமா! ... என்னது? எந்தப் பக்கம் கூடாதாம்? ... சரி! வச்சிருங்க!

அக்கா, கேட்டீங்களா? கேட்டிருப்பீங்க. அண்ணாச்சிக்கு நாளைக்கு எங்க ஊர்ல பாராட்டு விழாவாம். சட்டத்தைத் தடுத்து நிறுத்தினதுக்கு. ‘குழாய் காத்த குருவலிங்கம்’னு போஸ்டர் ஒட்டியாச்சாம். எட்டுக் குழாயும் கட்டணுமாம். ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்காரு, மேடைக்குப் பக்கத்துத் தெருதான் அவர் வீடு, அந்தப் பக்கம் மட்டும் குழாய் திருப்பக் கூடாதாம். அவர் சம்சாரத்துக்குச் சத்தம் ஆகாதாம்.

நாளைக்கு மரத்துல ஏறிக் கட்டப் போறது யாரு? நான்தானே. எட்டும் அந்தப் பக்கம்தான்.

என்னண்ணே? கண்டக்டர் அண்ணே, என்னையவா? ஒரு டிக்கெட்தான் எடுத்தேன், ஆமா. பஸ் பூராவுக்கும் பேசுறேனா? யாருக்குங்க தொந்தரவு? ... பின்னாடி இருக்கவங்களுக்கா? ... முன்னாடியுமா? ... டிரைவருக்குமா?

சரி. முறையாப் பண்ணுவோம். நான் சட்டசபையைப் பாத்துட்டு வந்தவ. இந்தப் பொண்ணு அருப்புக்கோட்டை வரைக்கும் வாயை மூடணும் என்பது தீர்மானம். ஏற்போர் ‘ஆம்’ என்க!

அடேங்கப்பா. சபையில கூட இவ்வளவு சத்தம் இல்ல. இதுல யாருக்குத் தூக்கம் கெடலையாம்?

மறுப்போர் ‘இல்லை’ என்க.

... அக்கா, நீங்களாவது சொல்லலாம்ல? இவ்வளவு நேரம் கேட்டீங்களே. ஏன் ஜன்னலைப் பாக்குறீங்க?

ஹா! பாப்பா! கேட்டீங்களா, கண்டக்டர் அண்ணே, பாப்பா சொல்லிருச்சு! பசியில அழுகுதுன்னு சொல்லாதீங்க, நான் கேட்டதும்தானே அழுதுச்சு! என்ன தொண்டை! வயித்துல இருந்து வருது பாருங்க. அக்கா, வளந்ததும் எங்க கடைக்கு அனுப்புங்க.

சரி, ஒத்துக்கிறேன், ‘ஆம்’தான் அதிகம். பேசல. வாயை மூடிட்டேன்.

ஆனா அண்ணே, பாப்பா சொன்னதை யாரும் நீக்கக் கூடாது.